ஹேண்ட் பிரேக் போட்டிருக்கேன் சார்!

லாரிக் கம்பெனியின் கிளை மேலாளருக்கு அன்று காலை காபி தொண்டைக்குள் இறங்கவில்லை. ஷோரூமின் கண்ணாடிச் சுவருக்கு நேரெதிரே மேடேறிப் போகும் தெருவின் உச்சியில், நீல லாரி ஒன்று மூக்கைக் கீழே நீட்டிக்கொண்டு நின்றிருந்தது. முதுகு நிறையச் செங்கல். ஓட்டுநர் சீட்டில் ஆளைக் காணோம்.

ஆள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தார். செங்கல்காரர்!

மாதக்கணக்கில் மேலாளரின் உயிரை வாங்கிக்கொண்டிருக்கும் மனிதர் இவர். யாரிடமோ பழைய லாரி ஒன்றை வாங்கினாராம். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கினால், அது தானாக விட்டுவிடுகிறதாம். வண்டி பாட்டுக்கு உருளுகிறதாம். “செகண்ட் ஹேண்ட் வண்டிக்கு நாங்க பொறுப்பில்ல. எங்க தயாரிப்புல குறையே கிடையாது” என்று மேலாளர் ஒவ்வொரு முறையும் நாற்காலியை விட்டு எழாமலேயே சொல்லி அனுப்பிவிடுவார். “ஒரு தடவை வீட்டுக்கு வந்து வண்டியைப் பாருங்க சார்” என்று செங்கல்காரர் கெஞ்சியதற்கும் அதே பதில்தான்.

“வண்டியை எதுக்குய்யா அங்க கொண்டுபோய் நிறுத்தியிருக்கீங்க?”

“உங்க வாசல்ல இடம் இல்லையே சார். எல்லாம் புது வண்டியா நிக்குது.” செங்கல்காரர் சோபாவில் சாவகாசமாகச் சாய்ந்து, கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார். “பயப்படாதீங்க. ஹேண்ட் பிரேக் போட்டிருக்கேன்.”

மேலாளர் கண்ணாடி வழியே மேட்டை எட்டிப் பார்த்தார். அந்த லாரி உருண்டால் கண்ணாடி போகும், புது வண்டிகள் போகும், ஷோரூமுக்குள் விலை விசாரித்துக்கொண்டிருக்கும் ஒரு குடும்பமும் போகும். செங்கல்காரர் உட்கார்ந்திருக்கும் சோபாவும் அதே வழியில்தான் கிடந்தது. ஆள் சாகத் துணிந்து வந்திருக்கிறாரோ?

ஒரு ஊழியரைக் கூப்பிட்டுக் காதோடு சொன்னார்: “ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு முன்னாடி பெரிய கல்லா வச்சுட்டு வாங்க.”

செங்கல்காரருக்குக் காது கூர்மை. “தாராளமா வைங்க சார். எதுக்கு வைக்கிறீங்கன்னு அதோ அந்தக் குடும்பத்துக்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வைங்க. உங்க வண்டியை வாங்கத்தானே வந்திருக்காங்க?”

மேலாளர் அவசரமாகக் கையசைக்க, ஊழியர் போன வேகத்தில் திரும்பி வந்தார். மேலாளர் போலீசுக்குப் போன் போட்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் வந்து, மேட்டையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கொலை முயற்சி சார் இது! இந்த ஆளைப் பிடிச்சு உள்ள போடுங்க!”

“எந்தக் கணக்குல சார் பிடிக்கிறது? நிறுத்தக் கூடாதுன்னு அங்க போர்டு இல்ல. ரோட்டையும் மறிக்கல. பிரேக் போட்டிருக்கேங்கிறாரு. அது நல்ல பிரேக்குன்னு நீங்களே இவர்கிட்ட சொல்லியிருக்கீங்களாமே. இதுல குத்தம் எங்க இருக்கு?”

“அதைத்தான் நானும் கேக்கிறேன்” என்றார் செங்கல்காரர், கடலையை மென்றபடி.

அந்த நேரம் பார்த்து ஒரு காக்கா பறந்து வந்து லாரியின் தலையில் உட்கார்ந்தது. அந்தக் காக்காவின் கனத்தைக்கூட மேலாளரால் தாங்க முடியவில்லை.

“நிக்காது சார்! அந்த பிரேக் நிக்காது!” என்று அலறினார். “அந்த வருஷம் செஞ்ச வண்டி எல்லாத்துலயும் அதே குறைதான். எங்களுக்குத் தெரியும். அடுத்த வருஷத்துல இருந்து சத்தமில்லாம உள்ள மட்டும் மாத்திட்டோம். மொதல்ல அதை அங்கிருந்து எடுக்கச் சொல்லுங்க!”

விலை விசாரித்த குடும்பம் மெல்ல வாசலைப் பார்த்து நடையைக் கட்டியது.

சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “தெரிஞ்சுக்கிட்டேதான் இத்தனை நாளா இல்லைன்னு சாதிச்சீங்களா?”

செங்கல்காரர் மெல்லுவதை நிறுத்தினார். “போன மாசம் வண்டி உருண்டு எங்க வீட்டுச் சுவரை இடிச்சுப்போட்டுச்சு சார். அந்தச் சுவரோரமாத்தான் எம் பொண்ணு உக்காந்து படிப்பா. அப்பத்தான் தண்ணி குடிக்க உள்ள எழுந்து போயிருந்தா. அன்னியிலேருந்து என் சம்சாரம் சரியாத் தூங்கறதில்ல.”

மேலாளருக்கு முதல் முறையாக வெட்கமாக இருந்தது. இந்தச் சுவர் இடிந்த கதையையும் அவர் ஏற்கெனவே கேட்டிருந்தார், ஏதோ ஊர்க்கதை கேட்பதுபோல.

தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். முதலில் அங்கே குதித்தார்கள். “போலீஸ் முன்னாடியே சொல்லிட்டேன் சார்” என்றதும் அடங்கிப்போனார்கள். செங்கல்காரருக்கு வேறு லாரி. அந்த வருஷத்து வண்டி வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் செலவில்லாமல் புது பிரேக். எழுதி, கையெழுத்துப் போட்டு, சப்-இன்ஸ்பெக்டரும் சாட்சிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மேலாளருக்கு மூச்சே வந்தது.

“இப்போ திருப்திதானே? தயவுசெஞ்சு அந்த லாரியை மெதுவா இறக்கிட்டு வந்து நம்ம ஒர்க்‌ஷாப்புல விட்டுடுங்க. இனிமே அது ரோட்டுக்கே வரக் கூடாது.”

செங்கல்காரர் சட்டையில் ஒட்டியிருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தார்.

“அது எங்க சார் ரோட்டுக்கு வந்துச்சு? வீட்டுல மரத்தோட சேர்த்துக் கட்டிப் போட்டிருக்கேன். இது என் மச்சினனோட அடுத்த வருஷத்து வண்டி. என் வண்டியைக் கொண்டுவந்திருந்தா அந்த மேட்டுல நின்னிருக்குமா?”