கொஞ்சம் தள்ளிக்கோ

மழை விடாமல் பெய்த ஒரு மதியம், இரண்டாம் வகுப்புப் படிக்கும் நறுமுகைக்குக் கண் சொருகியது. உடனே அவளுடைய கட்டைவிரல் வாய்க்குள் வந்து படுத்துக்கொண்டது.

"கொஞ்சம் தள்ளிக்கோ தம்பி" என்றது, புதிதாக முளைத்திருந்த முன்பல்லிடம்.

பல் தள்ளிக்கொண்டது. அது முளைப்பதற்கு முன்பிருந்தே விரல் அங்கேதான் தூங்குகிறது. மூத்தவரிடம் முகத்துக்கு நேரே மாட்டேன் என்றா சொல்ல முடியும்? விரல் வெதுவெதுப்பில் ஊறி, மேகத்தின் மேல் மிதப்பதாகக் கனவு கண்டது.

ஒவ்வொரு தூக்கத்திலும் பல் மயிரிழை அளவு நகர்ந்தது. கடைசியில் ஒருநாள் மேலுதடு, "இனிமே என்னால வாசலை மூட முடியாது" என்று கையை விரித்துவிட்டது. பல்லின் மேல் ஈரக்காற்று அடித்தது.

படுக்க வந்த விரல் பதறியது. "ஏன் தம்பி இப்படி வெளியே போய் நிக்கிறே?"

"நீங்கதானே அண்ணே தள்ளிக்கச் சொன்னீங்க."

விரல் அப்படியே திரும்பி வெளியே போனது. அங்கே குளிராக இருந்தது. மற்ற நாலு விரல்களும் அதை நடுவில் வைத்து மூடிக்கொண்டன.

அன்று வாய்க்குள் அவ்வளவு இடம் கிடந்தும் பல்லுக்குத் தூக்கம் வரவில்லை. அண்ணன் கோபித்துக்கொண்டு போய்விட்டாரோ?

காலையில் உதடு திறந்தது. வாசலில் கட்டைவிரல், நாலு விரல்களோடு சேர்ந்து பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நின்றது.

பல் பழக்கத்தில் தள்ளிக்கொள்ளப் பார்த்தது.

"வேண்டாம் தம்பி, நீ உள்ளே போய் நில்லு" என்றது விரல். "நான் வெளியே இருந்தே உன்னைப் பாத்துக்கறேன்."