அடமானத்துக்கு வந்த வீடு

ஆனி மாதம் பத்தாம் தேதி காலை ஒன்பது மணிக்கு, நாற்பது அரிசி கடன் கேட்டு எறும்பு வங்கிக்கு வந்தார் நத்தை வேலப்பன்.

"அடமானமா என்ன வைக்கிறீங்க?" என்று கேட்டாள் மேலாளர் பரிமளம்.

"சொந்த வீடு மேடம். வில்லங்கம் எதுவும் கிடையாது."

பரிமளம் அவருடைய ஓட்டைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தாள். ஒழுகல் இல்லை, விரிசல் இல்லை. கடன் திரும்பி வராவிட்டால் வீட்டை விற்று வசூலித்துக்கொள்ளலாம்; அடமானம் என்பதே அதற்குத்தானே. மழைக்காலச் சேமிப்பிலிருந்து அரிசியை எடுத்துக் கொடுத்தாள்.

தவணை கடந்தது. மழைக்கு முன் அரிசி வந்து சேராவிட்டால் மேலாளர் நாற்காலி போய்விடும் என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. பரிமளம் ஜப்திக்குக் கிளம்பினாள்.

"தாராளமா எடுத்துக்குங்க மேடம்," என்றார் வேலப்பன், உள்ளே இருந்தபடியே.

"நீங்க வெளியே வரணும்."

"எப்படிம்மா? முதுகோட ஒட்டியிருக்கே."

வாடகை ஓடுகளிலேயே காலம் தள்ளிய நண்டு ஒன்று வீடு வாங்க வந்து எட்டிப் பார்த்தது. "ஆளோடயா விக்கிறீங்க? காலி பண்ணிட்டுச் சொல்லியனுப்புங்க," என்று பக்கவாட்டில் நடையைக் கட்டியது.

"கடன் வாங்கும்போதே இதைச் சொல்லியிருக்கலாமே!" என்று எரிந்து விழுந்தாள் பரிமளம்.

"நீங்க வீட்டைப் பத்தி மட்டும்தானே கேட்டீங்க? சரி, வெயில்ல நிக்காதீங்க, இப்படி நிழலுக்கு வாங்க. உங்க வீடுதானே."

ஐப்பசி மூன்றாம் தேதி, அந்த நாற்பது அரிசி வாராக்கடன் கணக்கில் எழுதப்பட்டது. பரிமளம் வசூல் பிரிவுக்கு மாற்றப்பட்டாள்.