வெளிநிலைக் காப்பு

"உள்ள போங்க ஜீவன், மணி அடிக்கப் போவுது!" என்றாள் துஷானி.

"நீங்க மொதல்ல போங்க," என்றான் ஜீவன்.

கண்டியில் அந்தப் பாடசாலை வாசலில், வனவிலங்கு அலுவலர் பரீட்சைக்கு வந்தவர்கள் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். ஜீவனின் கையிலிருந்த உறைக்குள் அனுமதி அட்டை இல்லை. யாருடையதோ கலியாண அழைப்பிதழ் இருந்தது. அவன் விண்ணப்பிக்கவே இல்லை.

கட்டுகஸ்தோட்டையில் போன் திருத்துகிறவனுக்குக் காட்டோடு என்ன சம்பந்தம்? ஆறு மாதத்துக்கு முன் மழைக்கு நூலகத்தில் ஒதுங்கியவன், கைக்கு அகப்பட்ட விலங்குப் புத்தகத்தோடு துஷானிக்கு எதிரே உட்கார்ந்தான். பேச்சுக் கொடுக்க வேறொன்றும் தோன்றாமல், "நீங்களும் வனவிலங்கு எக்ஸாமுக்கா?" என்று கேட்டுவைத்தான்.

அவள் அவன் புத்தகத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "ஆமா," என்றாள்.

அதன்பிறகு சனிக்கிழமை தவறாமல் பேராதனைப் பூங்காவில் படிப்பு. அழியப்போகும் உயிர்களை அவற்றின் இடத்தை விட்டு வெளியே கொண்டுபோய்க் காப்பாற்றும் 'வெளிநிலைக் காப்பு'ப் பாடத்தில் இருவரும் கரைகண்டார்கள்.

"விதைய எங்க வப்பாங்க?" என்று ஒரு நாள் கேட்டாள் துஷானி.

"விதை வங்கியில. நல்லாக் காயவச்சு, குளிர்ல."

"மிருகத்த?"

"மிருகக்காட்சிச் சாலையில. ஜோடி சேத்து விட்டா..." என்று தொடங்கிய ஜீவனுக்கு மேலே ஓடவில்லை. துஷானி கொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அன்றைக்கு அவன் பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு தரிப்பிடம் போய்விட்டான்.

இப்போது மணி அடித்தேவிட்டது. வாசலில் கூட்டம் கரைந்து, காவலாளி கேற்றை இழுக்கத் தொடங்கினார். துஷானி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

தன்னால் அவளுடைய ஆறு மாதப் படிப்பும் வீணாகப் போகிறதே என்று ஜீவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"ஐயோ, ஓடுங்க துஷானி! எனக்காக நிக்காதீங்க. நான் எக்ஸாம் எழுத வரல. அப்ளிகேஷனே போடல. உங்ககூடப் பேசணும்னுதான் படிச்சேன்!"

கேற் மூடிக்கொண்டது.

துஷானி கேற்றைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள், மூச்சு வாங்கச் சொன்னாள்:

"நான் மட்டும் போட்டேனா?"