பாதி திறந்த கதவு

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன பாரசீகச் சிற்றோவியர் மீர் சாதிக் எப்படிப்பட்ட மனிதர் என்று அளப்பது எங்கள் ஆய்வு. உளவியல் துறையில் நானும் ரெஹானாவும் அவருடைய நாற்பத்தொரு ஓவியங்களைத் தனித்தனியே பார்த்து, ஆளுமைக் கேள்வித்தாளின் அறுபது வாக்கியங்களுக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணை அவர் சார்பில் வட்டமிட்டோம். ஒன்று என்றால் ‘இல்லவே இல்லை’, ஐந்து என்றால் ‘முழுக்க உண்மை’.

எந்த ஓவியத்திலும் ஓரத்தில் ஒரு கதவு பாதி திறந்திருக்கும். யாரும் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ‘காலடிச் சத்தம் கேட்டால் பயப்படுவேன்’ என்பதற்கு யோசிக்காமல் ஐந்தை வட்டமிட்டேன்.

ரெஹானா ஒன்றை வட்டமிட்டிருந்தாள்.

“விருந்தாளி வர்றதுக்குத் திறந்து வெச்சிருக்கார்னுதான் எனக்குத் தோணுச்சு,” என்றாள்.

பார்ப்பவர் தன்னையே ஓவியரிடம் பார்க்கிறாரா என்று பிறகு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதற்காக, முதலில் எங்களைப் பற்றியும் அதே தாளை நிரப்பியிருந்தோம். என்னுடைய இரண்டு தாள்களையும் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அறுபது வட்டங்களும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன.

“தேவகி, வீட்ல யாருக்குடி பயப்படுறே?”

சிரித்து மழுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சுவரைப் பார்த்துக் கிடந்த மேசையை, கல்யாணமான மாதமே வாசலைப் பார்த்துத் திருப்பியவள் நான்தான். இன்று நாற்காலியை மறுபக்கம் போட்டு, கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். நூறு எண்ணும்வரை திரும்பக் கூடாது.

பத்தொன்பதில் படிக்கட்டில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, இருபது என்றேன்.