படித்த பிறகு கொறிக்கலாம்

வேப்பமரத்து அணில் பூவாத்தாள் தன் இரண்டு பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தாள். வாசிப்புப் புத்தகம் தேர்ந்தெடுக்க அவளுக்குத் தெரிந்தது ஒரே வழிதான்: மூலையைக் கடித்துப் பார்ப்பாள். முதல் புத்தகம் கசந்தது. இரண்டாவதில் பல் இறங்கவில்லை. மூன்றாவது மெத்தென்று இருந்தது, அதையே எடுத்தாள்.

"ஒரு பக்கத்தை வாசிச்சு முடிச்சாத்தான் அதைக் கொறிக்கலாம்" என்பது வீட்டுச் சட்டம். ஆறே மாதத்தில் புத்தகம் காலி.

அது தீர்ந்த அன்றைக்குப் பார்த்து, எதிர்க்கிளை மைனா பளபளக்கும் பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"உள்ள நாப்பது புத்தகம்க்கா! வாங்கி ஒரு வருஷமாச்சு, ஒரு கீறல் கிடையாது. உங்க வீட்டுல ஒண்ணுகூட இல்லையே, பிள்ளைங்க எதைப் படிக்கும்?"

பூவாத்தாளின் வால் தானாகத் தாழ்ந்தது.

அதற்குள் சின்னவள் பெட்டியின் அடியில் இருந்த பொடி எழுத்தை விரல் வைத்து வாசித்தாள்.

"காட்சிக்கு... மட்டும். உள்ளே... புத்தகங்கள்... இல்லை."

திறந்த அலகை மூட மறந்து நின்றாள் மைனா. பூவாத்தாளின் வால் மேல்கிளையைத் தொடுமளவுக்கு நிமிர்ந்தது.

சின்னவள் திரும்பிக் கேட்டாள்: "வாசிச்சு முடிச்சிட்டேன்மா. இதைக் கொறிக்கலாமா?"