ஒன்றுக்கு இரண்டாக

“வீட்டுலயே ஒரு சர்வர் வைக்கப் போறோம். சின்னதா, விலை கம்மியா ஒரு மதர்போர்டு காட்டுங்க. பொண்ணோட போட்டோ, வீடியோ எல்லாம் சேர்த்து வைக்கணும்,” என்றார் அவர்.

கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்தார். “இருக்கறதுலயே மலிவு இதுதான். ஆனா ஃபேன் ஓடிட்டே இருக்கும்.”

“அது வேணாங்க,” என்றாள் பக்கத்தில் நின்றவள். “ஈ பறந்தாலே இவருக்குத் தூக்கம் கலைஞ்சிடும்.”

“அப்போ இதை எடுத்துக்குங்க. ஃபேனே வேண்டாம், கரண்டும் அதிகம் இழுக்காது.”

அவர் அவளிடம் திரும்பினார். “உனக்குச் சரியா?”

“சரிதாங்க.”

கடைக்காரருக்கு மனம் நிறைந்துவிட்டது. “இங்க வர்ற ஜோடிங்கள்ல பாதிப் பேர் சண்டை போட்டுட்டு வெறுங்கையோட போவாங்க. உங்களை மாதிரி ஒத்துமையா நான் பார்த்ததே இல்ல சார்!”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “இதுலயே ரெண்டு கொடுங்க.”

“ஒரு வீட்டுக்கு எதுக்கு சார் ரெண்டு?”

“ரெண்டு வீடுங்க. போன வாரம்தான் எங்களுக்கு விவாகரத்து ஆச்சு.”

கடைக்காரர் இன்னொன்றை எடுக்க உள்ளே போனார்.

பதினோரு வருடம் தொட்டதற்கெல்லாம் அவள்மேல் எரிந்து விழுந்தவர் அவர். இப்போது அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

“இந்தப் பொறுமை எனக்கு அப்பவே இருந்திருந்தா...”

“இருந்திருந்தா, ஒண்ணே போதும்னு வாங்கிட்டு நம்ம வீட்டுக்குப் போயிருப்போம்,” என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.