லோ வோல்டேஜ்

படீரென்று ஒரு சத்தம். அட்டைப்பெட்டி ஆலை மொத்தமும் இருண்டது. மோட்டாரின் வேகத்தை ஆட்டிவைக்கும் டிரைவ் பெட்டிக்கு முன்னால், நுனி உருகிய ஸ்க்ரூடிரைவரோடு அவன் திருதிருவென்று விழித்தான். தெருவில் அந்த எலக்ட்ரீஷியனுக்கு 'ஃபியூஸ்' என்ற பெயர் சும்மா வரவில்லை.

மேனேஜர் ஓடிவந்தார். வாங்கப்போகிற திட்டுக்குத் தோதாக ஃபியூஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

"பரவாயில்ல. பதறாம பாருங்க. உங்க மேல எனக்கு முழு நம்பிக்கை இருக்கு" என்றவர், டீயும் சொல்லி அனுப்பினார்.

ஃபியூஸுக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டினவள்கூட அவனிடம் இப்படிச் சொன்னதில்லை. அவள் தம்பிக்கு இந்த ஆலையில்தான் வேலை.

"மாமா, இந்த மெஷின் ஓடலைன்னா எங்க எல்லார் பொழப்பும் போச்சு" என்றான் மைத்துனன், காதோரமாக. "பெரிய கம்பெனி ஆளக் கூப்பிடுங்கன்னு கெஞ்சினோம். நீங்கதான் வேணும்னு மேனேஜர் ஒத்தக் கால்ல நின்னுட்டாரு."

"ஆள் தெரிஞ்சுதானடா கூப்பிட்டிருக்காரு" என்று ஃபியூஸ் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

கரண்ட் வந்ததும் மெஷினை ஓட்டிப் பார்த்தான். சும்மா சுற்றியது, அட்டையைக் கொடுத்ததும் நின்றது. டிரைவின் சின்னத் திரையில் காலையிலிருந்து வரும் அதே புகார்: லோ வோல்டேஜ். மீட்டரில் பார்த்தால் குறையே இல்லை.

யாரோ இரண்டு பேர் நீள டேப்பை விரித்துத் தரையை அளந்துகொண்டே வந்தார்கள். ஃபியூஸ் காலைத் தூக்கி வழிவிட்டான்.

"பெயின்ட் அடிக்கிறவங்க" என்றார் மேனேஜர்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மெஷின் நிற்கும்போதே வோல்டேஜை அளந்துகொண்டிருந்தால் எப்படி? விருந்தாளி வரும்வரை அவன் வீட்டிலும்தான் எல்லாம் சரியாக இருக்கும்.

மீட்டரை வைத்துக்கொண்டே ஓடவிட்டான். சுமை ஏறியதும் மூன்று லைனில் ஒன்று தடாலென்று இறங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டே போனால், மெயின் சுவிட்சில் ஒரு போல்ட் தளர்ந்து கருகிக் கிடந்தது. கரண்டை நிறுத்தி, கரியைச் சுரண்டி, போல்ட்டை இறுக்கினான்.

இந்தத் தடவை மெஷின் நிற்கவில்லை. அட்டைகள் மடமடவென்று வந்து விழுந்தன. மைத்துனன் அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டான்.

மேனேஜர் அறைக்கு ஃபியூஸ் ஓடினான். பெயின்ட்காரர்கள் இருவரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

"மெஷின் செத்துப்போச்சுன்னு சொன்னீங்களே" என்று அவர்களில் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

மேனேஜர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார். வெளியே மெஷின் ஓடும் சத்தமும் ஆட்களின் சிரிப்பும் பாதியாகக் குறைந்தன.

"இடத்த இவங்களுக்கு வித்தாச்சு. மெஷின் போச்சுன்னு சொன்னாத்தான் ஆளுங்க சத்தம் போடாம கெளம்புவாங்க."

ஃபியூஸ் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தான். "அப்ப என்னை எதுக்கு சார் கூப்பிட்டீங்க?"

"உன்னால முடியாதுன்னு நம்பித்தான்யா."